வாஷிங்டன் என்ற பெயருள்ள எல்லோரும் ஒரே வம்சமா?

"வாஷிங்டன் என்பது இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயர் என்று படித்தேன். அப்படியென்றால் அந்தப் பெயருள்ள எல்லோரும் அந்த ஊர்க்காரர்களின் வம்சமா? அமெரிக்காவில் அந்தப் பெயருள்ளவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்களாக இருப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. அந்தச் சொல் எங்கே பிறந்தது, ஒரு குடும்பத்தின் பெயராக எப்படி ஒட்டிக்கொண்டது, அந்தக் குடும்பத்தைத் தாண்டி எப்படிப் போனது. முதல் இரண்டுக்கும் ஓரளவு நல்ல ஆவணங்கள் இருக்கின்றன. மூன்றாவதில் ஒரு பகுதி உறுதி, ஒரு பகுதி ஊகம். எது எது என்று பிரித்தே சொல்கிறேன். நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் வேண்டுமென்றால்: இல்லை, எல்லோரும் ஒரே வம்சம் கிடையாது. பெயரின் வரலாறு வேறு, இரத்தத்தின் வரலாறு வேறு. இரண்டும் சில இடங்களில் சேர்ந்து நடந்திருக்கின்றன, பல இடங்களில் பிரிந்திருக்கின்றன.

ஊரிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டர்ஹம் மாவட்டத்தில், சண்டர்லாந்துக்கு மேற்கே, வியர் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது வாஷிங்டன். ஆற்றங்கரை ஊர் என்பதால் 'கழுவுவது' என்ற ஆங்கிலச் சொல்லோடு முடிச்சுப்போட்டு, துணி துவைத்த இடம், ஆடு குளிப்பாட்டிய இடம் என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. இந்தப் பெயரை மூன்று துண்டாகப் பிரிக்க வேண்டும். கடைசித் துண்டு 'தூன்' என்ற பழைய ஆங்கிலச் சொல். முதலில் வேலியையும், பிறகு வேலிக்குள் இருந்த பண்ணையையும், பிறகு அந்தப் பண்ணையைச் சுற்றி வளர்ந்த ஊரையும் குறித்தது. நடுவில் வரும் 'இங்' இன்னாரைச் சார்ந்தது என்று காட்டும் ஒட்டு. முதல் துண்டு ஓர் ஆளின் பெயர்: ஹ்வஸ்ஸா அல்லது வஸ்ஸா. ஆக, 'வஸ்ஸாவின் பண்ணை'. அதே டர்ஹம் மாவட்டத்தின் டார்லிங்டனும் இதே அச்சில் வார்த்ததுதான். அங்கே ஆளின் பெயர் டியோர்நோத்.

இதில் எது உறுதி? 'இங்', 'தூன்' இரண்டும் உறுதி. ஆளின் பெயர் பழைய எழுத்து வடிவங்களைப் பார்த்து அறிஞர்கள் மீட்டெடுத்தது. அந்த வஸ்ஸா யார், எந்த நூற்றாண்டில் இருந்தார் என்று சொல்லும் ஓர் ஆவணமும் இல்லை. இங்கிலாந்து ஊர்ப் பெயர்களில் நூற்றுக்கணக்கான ஆட்கள் இப்படித்தான் பெயராக மட்டும் மிஞ்சி நிற்கிறார்கள். யாராவது வஸ்ஸாவுக்குப் படையும் கொடியும் கொடுத்து வரலாறு எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது, ஊர்ப்பெயர் ஆளின் பெயராவது எப்படி என்பது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஊருக்குள்ளேயே இருப்பவனை ஊர்ப் பெயரால் அழைத்து என்ன பயன்? அங்கே எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள்தான். ஊரைவிட்டு வெளியேறி நாற்பது மைல் தள்ளி இன்னொரு சந்தையூரில் குடியேறிய பிறகுதான் 'வாஷிங்டன்காரன் ஜான்' என்ற அடையாளத்துக்கு வேலை வருகிறது. அதனால் ஊர்வழிக் குடும்பப் பெயர்கள் அந்தந்த ஊரைவிட, ஒன்றிரண்டு நாள் நடைதூரத்திலுள்ள ஊர்களில்தான் அதிகம் தென்படும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, ஊரின் நிலத்தையே கையில் வைத்திருந்த பண்ணை உரிமையாளர். நார்மானியர் வந்த 1066-க்குப் பிறகு நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் 'டி' என்ற பிரெஞ்சு ஒட்டைப் போட்டு நிலத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அது அந்த நேரத்தில் இருக்கும் உடைமையைச் சொல்வது. நிலம் மாறினால் பெயரும் மாறும். பரம்பரைப் பெயராக அது உறைந்துபோக இன்னும் பல தலைமுறைகள் ஆயின.

வாஷிங்டன் இந்த மாற்றத்துக்கு அருமையான எடுத்துக்காட்டு. 1086-இல் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற டூம்ஸ்டே நிலக் கணக்கில் டர்ஹம் பகுதியே கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புவது 1183-இல் டர்ஹம் பிஷப் ஹியூ டு புய்ஸே எடுக்கச் சொன்ன நிலக் கணக்கு. போல்டன் கணக்கு என்று சொல்வார்கள். அதில் ஒரு பதிவு: வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்ன் என்ற ஊரை விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வெஸ்ஸிங்டனைப் பெற்றிருக்கிறார். தேவாலயமும் அதற்குரிய நிலமும் அவருக்குச் சேராது. ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும்; பிஷப் பெரிய வேட்டைக்குப் போகும்போது 4 வேட்டைநாய்களோடு கூடப் போக வேண்டும். இரண்டு வரிதான். ஆனால் எவ்வளவு சொல்கிறது பாருங்கள்! பெயருக்கு மூலமான அந்த மனிதரின் பெயர் அப்போது வாஷிங்டன் இல்லை, ஹெர்ட்பர்ன். அதுவும் ஓர் ஊர்ப்பெயர்தான், ஸ்டாக்டனுக்கு அருகிலுள்ள இன்றைய ஹார்ட்பர்ன். நிலத்தை மாற்றிக்கொண்டதும் பெயரும் மாறியது. அவர் வழியினர் 'டி வெஸ்ஸிங்டன்' ஆனார்கள். அந்த நில மாற்று நடக்காமல் போயிருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் ஹார்ட்பர்ன் என்று இருந்திருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. போல்டன் கணக்கின் மூலப் பிரதி இன்று இல்லை. பின்னாளில் எழுதிய படிகள்தான் இருக்கின்றன. ஆகவே பெயரின் எழுத்துக்கூட்டு 1183-இன் எழுத்தரைக் காட்டுகிறதா, படியெடுத்தவரைக் காட்டுகிறதா என்பதில் கவனம் வேண்டும். வஸ்ஸிங்டன், வெஸ்ஸிங்டன் என்றெல்லாம் மாறி மாறி வரும். 1416 முதல் 1446 வரை டர்ஹம் மடத்தின் தலைவராக இருந்தவர் இதே ஊர்ப்பெயரைத் தாங்கியவர். அவரை ஆவணங்களில் ஜான் வெஸ்ஸிங்டன் என்று தேடினால்தான் கிடைப்பார். 'ஸ்' ஒலி 'ஷ்' ஆகி இன்றைய வடிவம் நிலைபெற்றது அதன் பிறகுதான். வில்லியமுக்கு முந்தைய தலைமுறைகளைப் பற்றி வரும் பட்டியல்களில் ஸ்காட்லாந்து அரச குடும்பத் தொடர்பு முதல் வைக்கிங் தலைவர்கள் வரை இருக்கும். 1879-இல் வெளியான ஒரு வம்சாவளி நூல் நார்ஸ் கடவுள் ஓடின் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது. 1183-க்கு முன்னால் போகும் எந்தப் பட்டியலையும் ஊகமென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பெயர் எப்படி நகர்ந்தது? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கிளை, நிலம் பெற்ற மணப்பெண் வழியாக, மேற்கே லங்காஷயரின் கார்ன்ஃபோர்த், வார்டன் பக்கம் போனது. வார்டன் தேவாலயக் கோபுரத்தில் அந்தக் குடும்பத்தின் சின்னம் கல்லில் இருந்தது: இரண்டு பட்டைகள், அவற்றுக்கு மேல் மூன்று நட்சத்திரங்கள். அந்தக் கிளையிலிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் தெற்கே நார்தாம்ப்டனுக்குப் போய்க் கம்பளி வணிகத்தில் நிமிர்ந்தார். அந்த நகரின் மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது மடத்துச் சொத்துகள் விற்பனைக்கு வந்தன. 1539-இல் சல்கிரேவ் பண்ணையை அரசிடமிருந்து வாங்கினார். அவருடைய கொள்ளுப்பேரன், அவரும் லாரன்ஸ்தான், எசெக்ஸில் பர்லெய் என்ற ஊரின் பாதிரியார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசர் பக்கம் நின்றவர். 1643-இல், குடிக்கடைகளில் கிடக்கிறார் என்ற குற்றச்சாட்டோடு நாடாளுமன்றத் தரப்பு அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. குடும்பம் வறுமையில் விழுந்தது. மூத்த மகன் ஜான் புகையிலை வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து வர்ஜீனியா போனார். 1657 தொடக்கத்தில் திரும்பும் வழியில் கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார். முதல் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா இவர்.

'1657 தொடக்கம்' என்றேன். சில நூல்களில் அதையே 1656 என்று பார்ப்பீர்கள். இரண்டும் சரிதான். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பழைய ஆண்டின் வால். குடும்ப வரலாறு தேடுபவர்கள் இதைக் கவனிக்காமல், திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகவும், இறந்த பிறகு உயில் எழுதியதாகவும் குழம்புவது வழக்கமாக நடக்கிறது. அந்த மூன்று மாதத் தேதிகளை எப்போதும் '1656/57' என்று இரட்டையாகக் குறித்துவையுங்கள்.

இன்னொரு வகைத் தவறு இந்தக் குடும்பத்திலேயே நடந்திருக்கிறது, அதுவும் கற்றவர்கள் கையால். 1791-இல் லண்டனில் குலச்சின்னங்களுக்கான தலைமை அதிகாரி சர் ஐசக் ஹெர்ட், ஜார்ஜ் வாஷிங்டனுக்கே எழுதி அவருடைய முன்னோரைப் பற்றிக் கேட்டார். இந்த விஷயத்தில் தான் மிகக் குறைவாகவே கவனம் செலுத்தியதாக 1792 மே மாதம் பதில் போனது. கிடைத்ததை வைத்து ஹெர்ட் ஒரு மரம் வரைந்தார். வர்ஜீனியா போன சகோதரர்களின் பெயர் ஜான், லாரன்ஸ். நார்தாம்ப்டன்ஷயர்க் குடும்பத்திலும் சரியான காலத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். பெயர் பொருந்தியது, காலமும் ஏறக்குறையப் பொருந்தியது, சேர்த்துவிட்டார். 1866-இல் ஜோசப் லெமுவல் செஸ்டர் என்ற ஆய்வாளர் அந்த ஜான் 'சர்' பட்டம் பெற்றவர் என்றும், அந்த லாரன்ஸ் பாதிரியார் ஆனவர் என்றும், இருவரும் இங்கிலாந்தைவிட்டுக் குடிபெயரவே இல்லை என்றும் காட்டி அந்த மரத்தை உடைத்தார். சரியான இணைப்பை உயில்கள், சொத்து நிர்வாக ஆவணங்கள் வழியாக ஹென்றி வாட்டர்ஸ் நிறுவியது 1889-இல். குடியேறிய இருவரும் அந்தப் பாதிரியார் லாரன்ஸின் மகன்கள். ஒரே ஒரு தலைமுறைத் தவறு; சரியாக ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது. ஒரு ஜனாதிபதியின் குடும்பத்துக்கே இந்த நிலைமை. இணையத்தில் ஒரு சொடுக்கில் கிடைக்கும் மரத்தை எவ்வளவு நம்பலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் சர்ரி மாவட்டத்தில் இன்னொரு ஜான் வாஷிங்டனும் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஆபத்து புரியும்.

சரி, டர்ஹம் வில்லியமின் வழியில் வராத வாஷிங்டன்கள் இங்கிலாந்திலேயே உண்டா? உண்டாக எல்லா வாய்ப்பும் இருக்கிறது. முதலில், தெற்கே சசெக்ஸில் இன்னொரு வாஷிங்டன் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் அது வெஸ்ஸிங்காதூன் என்று வருகிறது. 'வஸ்ஸாவின் ஆட்களுடைய ஊர்' என்று பொருள். வடக்கு ஊருக்கும் அதற்கும் உறவில்லை, பெயர் மட்டும் ஒன்றாகிவிட்டது. அடுத்து, டெர்பிஷயரில் வெஸ்ஸிங்டன் என்று ஒரு கிராமம். டூம்ஸ்டே கணக்கில் அது விஸ்டனெஸ்டூன், அதாவது விக்ஸ்டன் என்பவரின் பண்ணை. வேர் முற்றிலும் வேறு. தேய்ந்து தேய்ந்து டர்ஹம் ஊரின் பழைய வடிவத்தோடு ஒன்றாகிவிட்டது. ஆகவே ஒரு பழைய ஆவணத்தில் 'வெஸ்ஸிங்டன்' என்ற பெயரைக் கண்டதும் டர்ஹமுக்கு ஓடக்கூடாது. மூன்றாவதாக, டர்ஹம் வாஷிங்டனிலேயே பண்ணை உரிமையாளரின் பெயரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்; அந்த ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வெளியேறிய உழவனும் தச்சனும்கூட அதே பெயரைப் பெற்றிருக்கலாம். அவர்களுக்கு நிலப் பத்திரம் கிடையாது, அதனால் சுவடும் இல்லை.

இப்போது அமெரிக்கா. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் 163,036 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் கறுப்பினத்தவர்கள். பரவலான குடும்பப் பெயர்களில் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறெதற்கும் இல்லை; அடுத்து வரும் ஜெஃபர்சன் 75 சதவீதம். இதற்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் விளக்கம், ஜார்ஜ் வாஷிங்டனிடம் அடிமைகளாக இருந்தவர்கள் அவர் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பது. கணக்குப் போட்டாலே இது நிற்காது. 1799-இல் அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைப்பட்டிருந்தவர்கள் 317 பேர். அவர்களில் அவருக்கே சொந்தமானவர்கள் 123 பேர். மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்து வழியாக வந்தவர்கள் 153 பேர். மீதிப்பேர் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். உயிலின்படி அந்த 123 பேருக்குத்தான் விடுதலை. 1801 ஜனவரி 1 அன்று மார்த்தா விடுவித்தார். அவர்களிலும் நமக்குத் தெரிந்த பலரின் குடும்பப் பெயர் வாஷிங்டன் இல்லை.

அந்த உயிலிலேயே ஒரு சொற்றொடர் இருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலம் முழுவதும் ஜார்ஜ் வாஷிங்டனின் பக்கத்தில் குதிரையில் இருந்தவர் வில்லியம். அவருக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் எழுதிவைக்கும் இடத்தில், 'தன்னை வில்லியம் லீ என்று அழைத்துக்கொள்ளும்' வில்லியம் என்று வாஷிங்டன் குறிப்பிடுகிறார். அந்தச் சொற்களை நின்று படிக்க வேண்டும். உரிமையாளரின் கணக்கேடுகளில் வில்லியம். அவர் தனக்கு வைத்துக்கொண்டது வில்லியம் லீ. 1768-இல் வாஷிங்டன் அவரை வாங்கியது லீ குடும்பத்துச் சொத்திலிருந்து. ஜார்ஜ் வாஷிங்டனின் பிலடெல்பியா வீட்டிலிருந்து 1796-இல் தப்பிப்போன ஓனா ஜட்ஜ், தன் தந்தையான வெள்ளைக்காரத் தையற்காரர் ஆண்ட்ரூ ஜட்ஜின் பெயரைத் தாங்கியவர். அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை, விடுதலைக்குப் பிறகுதான் ஒன்றைத் தேடிக்கொண்டார்கள் என்று சொல்வது பிழை. பலருக்குப் பெயர் இருந்தது. எழுதும் பேனா வேறொருவர் கையில் இருந்தது.

மவுண்ட் வெர்னனிலிருந்து வாஷிங்டன் பெயரோடு வெளியே வந்தவரும் ஒருவர் இருக்கிறார்: ஹாரி வாஷிங்டன். 1776-இல் தப்பி ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். 1783-இல் நியூயார்க்கைவிட்டு ஆங்கிலேயக் கப்பல்களில் புறப்பட்ட கறுப்பினத்தவர்களைப் பதிந்த பேரேட்டில், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழாண்டுக்கு முன் அவரை விட்டு வந்தவர் என்று அவர் பதிவு இருக்கிறது. நோவா ஸ்கோஷியா போனார், 1792-இல் சியரா லியோன் போனார். ஆக, வஸ்ஸாவின் பண்ணைப் பெயர் 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மேற்கு ஆப்பிரிக்காவில் கரையேறிவிட்டது, டர்ஹம் இரத்தம் ஒரு துளி இல்லாமலே.

பெரும்பான்மையான கறுப்பின வாஷிங்டன்கள் வந்தது மூன்று வழிகளில். முதலாவது, வாஷிங்டன் உறவினர் குடும்பங்களின் பண்ணைகள். ஜார்ஜுக்குப் பிள்ளைகள் கிடையாது. சகோதரர்கள், ஒன்றுவிட்ட உறவினர்களின் வழி பெருகியது. டென்னசியின் ராபர்ட்சன் மாவட்டத்தில் தூரத்து உறவினராகக் கருதப்படும் ஜோசப் வாஷிங்டன் 1796-இல் தொடங்கிய புகையிலைப் பண்ணையின் பெயர் வெஸ்ஸிங்டன். 12ஆம் நூற்றாண்டு வடிவத்தையே வேண்டுமென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். 1860-இல் சுமார் 13,000 ஏக்கர். அடிமைப்பட்டிருந்தவர்கள் 274 பேர். விடுதலைக்குப் பின் அவர்களில் பலரும் வாஷிங்டன் ஆனார்கள். இரண்டாவது வழி, முதற்பெயர். ஜார்ஜ் வாஷிங்டனின் புகழால் அவர் காலத்திலேயே வெள்ளையரும் கறுப்பரும் பிள்ளைகளுக்கு 'வாஷிங்டன்' என்று முதற்பெயர் வைத்தார்கள். தந்தையின் முதற்பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராவது எளிது. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் வளர்ப்புத் தந்தை பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். பள்ளியில் பெயர் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்த சிறுவன், தன் முறை வந்ததும் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். மூன்றாவது, நேரடித் தெரிவு. குடிமகனாக முதல்முறை பதிவாகும்போது நாட்டின் முதல் குடிமகன் பெயரையே எடுத்துக்கொண்டவர்கள். ஒவ்வொரு வழியிலும் எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்ல ஆவணம் கிடையாது. அப்படி எண் போட்டுச் சொல்பவர்களிடம் ஆதாரம் கேளுங்கள். ஆனால் இதைப் 'பழைய எஜமானின் முத்திரை' என்று மட்டும் பார்ப்பது அந்த மக்களுக்கு நியாயம் செய்யாது என்பது என் உறுதியான கருத்து. தேர்ந்தெடுத்தவர்கள் காரணத்தோடு தேர்ந்தெடுத்தார்கள்.

வெள்ளை வாஷிங்டன்களின் விகிதம் குறைவாக இருப்பதற்குக் காரணம் எளிது. இங்கிலாந்திலேயே இது அரிய பெயர். 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்த ஆண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மறுபக்கம், அடிமைமுறை ஒழிந்த 1865-க்குப் பிறகு ஒரே தலைமுறையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பதிவேட்டுக்குள் நுழைந்தன.

நீங்களோ வேறு யாரோ இந்தப் பெயரைத் தேடிப் போவதானால், பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. இங்கிலாந்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்குகிறது. 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். 43 வயதுக்காரர் 40 ஆகிவிடுவார். பிறந்த ஊர் வேண்டுமென்றால் 1851-ஐப் பாருங்கள். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்: 1538-இல் உத்தரவு வந்தாலும் பல ஊர்களில் 1558-இலிருந்துதான் மிஞ்சியிருக்கின்றன, உள்நாட்டுப் போர்க் காலத்தில் பெரிய ஓட்டைகள் உண்டு. பக்கம் கிழிந்திருந்தால் பிஷப் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் போன நகலைத் தேடலாம். பழைய கையெழுத்தில் 'ஸ்' ஒலிக்கு நீண்ட எழுத்து ஒன்று வரும், பார்க்க 'எஃப்' போலவே இருக்கும். அட்டவணை தயாரித்தவர்கள் அதைத் தவறாகப் படித்து வாஃபிங்டன் என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். அந்த வடிவத்தையும் சேர்த்துத் தேடாவிட்டால் ஆள் கிடைக்கவே மாட்டார்.

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களுக்குச் சுவர் 1870. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முன்பு அடிமைப்பட்டிருந்தவர்கள் அனைவரும் முதல்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே. 1870-இல் உறவுமுறை எழுதப்படவில்லை. அதே வீட்டில் இருப்பவர் மகன்தான் என்று முடிவுகட்டாமல் 1880-உடன் ஒப்பிடுங்கள். சுவரைத் தாண்ட உதவுபவை: விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவுகள், பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தார், சில படிவங்களில் பழைய எஜமானரின் பெயர் வரை இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவுகளில் பணியாற்றியவர்களின் ஓய்வூதியக் கோப்புகள் இன்னும் வளமானவை. ஒரு பெயரில் படையில் சேர்ந்து இன்னொரு பெயரில் வாழ்ந்தவர்கள், ஏன் பெயர் மாற்றினோம் என்று சத்தியவாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர்த் தெரிவின் காரணம் அவர்கள் சொல்லாகவே கிடைக்கும் அரிய இடம் அது. உரிமையாளரைத் தேடும்போது குடும்பப் பெயரை வழிகாட்டியாகக் கொள்ளாமல், 1870-இல் அக்கம்பக்கத்தில் இருந்த நிலக்காரர்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் பாருங்கள். வில்லியம் லீயை வாஷிங்டன் என்ற பெயரில் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மரபணுச் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் குடும்பப் பெயரோடு சேர்ந்தே நடப்பதால், இரண்டு வாஷிங்டன் ஆண்கள் ஒரே ஆண்வழியா என்று சொல்ல அது ஏற்றது. ஒய் குரோமோசோமில் 12 குறியீட்டு இடங்களை மட்டும் பார்க்கும் பழைய சோதனையை நம்பாதீர்கள். மேற்கு ஐரோப்பாவில் மிகப் பரவலான ஆண்வழிப் பிரிவில் அத்தனை பொருத்தம் தற்செயலாகவே கிடைக்கும். குறைந்தது 37, முடிந்தால் 111. ஜார்ஜின் தம்பி சாமுவேலின் வழியினரின் எலும்புகளை, உயிரோடிருக்கும் ஓர் உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டு அடையாளம் கண்ட ஆய்வு 2024-இல் வெளியானது. அங்கேயும் ஆவணத்தில் தெரிந்த மரத்தோடு வைத்துத்தான் விடை சொன்னார்கள். ஒரு கறுப்பினக் குடும்பத்தின் ஒய் வழி அந்த வழியோடு பொருந்தினால், வாஷிங்டன் குடும்பத்து ஆண் ஒருவர் தந்தைவழியில் இருக்கிறார் என்று தெரியும். எந்த ஆண் என்று அந்தச் சோதனை சொல்லாது, ஏனென்றால் அண்ணன், தம்பி, சிற்றப்பன் எல்லோருக்கும் ஒரே ஒய்தான். பொருந்தாவிட்டால் பெயர் வேறு வழியில் வந்தது என்று மட்டுமே பொருள். அப்போது முதற்பெயராக 'வாஷிங்டன்' வைத்திருந்த ஒரு தாத்தா 1870 பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.